கமிஷனுக்கு வேலை பார்க்கும் பல் மருத்துவருக்கு சொக்சோ உண்டா?

கேள்வி: ஜோர்ஜ்டவுன், பர்மா ரோட்டில் உள்ள தனியார் கிளினிக் ஒன்றில் 2016 முதல் பல் மருத்துவராக இருக்கிறேன். கழுத்தில் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது. வலக்கைக் கட்டைவிரல் மரத்துப்போகிறது. சொக்சோவில் கேட்கலாமா என்றால், "நீங்கள் கமிஷனுக்கு வேலை செய்பவர், எங்கள் ஊழியர் இல்லை" என்கிறார் உரிமையாளர். எனக்கு ஏதேனும் வழி உண்டா?

– வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: உண்டு, டாக்டர். சொக்சோவுக்கு அடிப்படையான 1969ஆம் ஆண்டு ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணை தொழில்சார் நோய்களைப் பட்டியலிடுகிறது. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதாலும் உடலைக் கோணலாக வைத்திருப்பதாலும் அதிர்வாலும் வரும் தசை, மூட்டு நோய்கள் அதில் அடங்கும். நாளெல்லாம் கழுத்தை வளைத்து, ஸ்கேலரை இறுக்கிப் பிடித்திருக்கும் உங்கள் தொழிலுக்கு இது பொருந்தும். ஆனால் "வயதானால் யாருக்கும் வருவதுதானே" என்ற கேள்வி கட்டாயம் எழும். வலிக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பை எலும்பியல் நிபுணரிடம் எழுத்தில் வாங்குங்கள். தொழில்சார் நோய் என்று கண்டறியும் மருத்துவர் அதை ஏழு நாளுக்குள் வேலையிடப் பாதுகாப்பு இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2004ஆம் ஆண்டு விதி.

உண்மையான சண்டை நீங்கள் ஊழியரா என்பதில்தான். கமிஷன் வாங்குவதாலேயே ஊழியர் இல்லை என்றாகிவிடாது. சொக்சோ கணக்கில் கமிஷனும் சம்பளமே. நேரத்தை நிர்ணயிப்பது யார், நாற்காலியும் கருவிகளும் யாருடையவை, கட்டணம் யார் சொல்வது, உங்களுக்குப் பதில் வேறொருவரை நீங்களே அனுப்ப முடியுமா? நீதிமன்றம் இவற்றைத்தான் பார்க்கும், ஒப்பந்தத்தின் தலைப்பை அல்ல. சொக்சோ மறுத்தால் சமூகப் பாதுகாப்பு மேல்முறையீட்டு வாரியத்துக்கும், சட்டப் பிரச்சினை இருந்தால் அங்கிருந்து உயர்நீதிமன்றத்துக்கும் போகலாம்.

கிடைக்கும் தொகையைப் பற்றிப் பெரிதாகக் கனவு காண வேண்டாம். குறைந்தது நான்கு நாள் மருத்துவ விடுப்பு (எம்.சி.) இருந்தால் தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு வரும். ஆனால் உங்கள் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் கணக்கு மாதம் 6,000 வெள்ளி உச்சவரம்போடு நின்றுவிடும். நிரந்தர ஊனத்தை மருத்துவ வாரியம் மதிப்பிடும். திருப்தியில்லை என்றால் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். என்னைக் கேட்டால், சொக்சோ தரும் மறுவாழ்வுச் சிகிச்சைதான் பெரிய பயன்.

உரிமையாளர் ஒன்றை யோசிக்கவில்லை. நீங்கள் ஊழியர் என்று முடிவானால், அதே சட்டத்தின் 31ஆம் பிரிவு அவர்மீது நீங்கள் நஷ்டஈட்டு வழக்குப் போடுவதைத் தடுக்கும். ஊழியர் இல்லை என்று அவரே நிரூபித்தால் அந்தக் கேடயம் போய்விடும். அப்போது கவனக்குறைவு வழக்குக்கு வழி திறக்கும். கால வரம்பு ஆறு ஆண்டு. கவனக்குறைவை நிரூபிப்பது கடினம் என்பது வேறு விஷயம். போதாததற்கு, 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் 15ஆம் பிரிவில் ஒப்பந்தக்காரரையும் ஊழியராகவே கருதுகிறது. 2024 ஜூன் முதல் அதை மீறும் முதலாளிக்கு அபராதம் 5,00,000 வெள்ளி வரை. அந்தப் பணம் அரசுக்குப் போகும், உங்களுக்கு அல்ல. ஆனாலும் சரியான நாற்காலி கேட்டுக் கடிதம் எழுதும்போது இந்தப் பிரிவைக் குறிப்பிடுங்கள்.

வேலை நேர அட்டவணை, கமிஷன் சீட்டு, நேரம் பற்றி உரிமையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் இப்போதே நகலெடுங்கள். நோயாளிகளின் பெயர், விவரம் எதையும் எடுக்காதீர்கள். அது வேறு வம்பு. இந்தப் பேச்சுக்குப் பிறகு அவர் புது ஒப்பந்தம் ஒன்றை நீட்டினால், வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்துப் போட வேண்டாம்.