போனில் பேசினால் மனசு ஆறுமா?

கேள்வி: நானும் கணவரும் விடியுமுன் ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்குப் போய், இருட்டித்தான் திரும்புகிறோம். பத்தாவது படிக்கும் மகள் இரண்டு மாதமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, யாரோடும் பேசுவதில்லை. ஆன்லைன் ஆலோசனை பலன் தருமா?
– ஒரு தாய், கம்பம்

பதில்: தரும், சகோதரி. இரண்டு மாதம் என்பது வயசுக் கோளாறென்று தள்ளிவிடக்கூடியதல்ல. 14416-க்கு அழையுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலிமானஸ் சேவை அது. இலவசம், இரவும் பகலும் உண்டு, தமிழிலேயே பேசலாம். நீங்கள் வீடு திரும்பிய பிறகும் அழைக்கலாம் என்பதுதான் உங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய வசதி. முதலில் நீங்கள் பேசுங்கள், பிறகு மகளிடம் போனைக் கொடுத்துவிட்டு வெளியே போய் உட்காருங்கள். பக்கத்தில் அம்மா நின்றால் எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது. என்ன பேசினாய் என்று துருவவும் வேண்டாம்.

பணம் கேட்கும் செயலிகளில், எதிரே பேசுபவரின் தகுதி தெரியாமல் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள்.

போன் பேச்சு முதல் படிதான். சாப்பாடும் தூக்கமும் தேறாவிட்டால் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு ஒருநாள் கூலி போனாலும் அழைத்துப் போங்கள். செத்துவிடலாம் என்கிற பேச்சு வந்தாலோ, உடம்பில் கீறல் தெரிந்தாலோ, அன்றைக்கே போகவேண்டும். அதுவரை அவளைத் தனியே விடாதீர்கள். தோட்டத்துப் பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள்.