தாம்பரம் பக்கம் ஒரு குடும்ப டூர்: அக்கா சொல்லும் டிப்ஸ்

பாப்பா, மெரினா, தி.நகர், மால், மெட்ரோ என்று நீ எழுதி வைத்திருக்கும் பட்டியலைப் பார்த்தேன். பாதிக்கு மேல் அடித்துவிடு. உன் மாமியாருக்கு முட்டிவலி, சின்னவனுக்கு நாலு வயசு. இந்த ரெண்டு பேர் கால் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் டூர். மீதிப் பேர் அதற்குள் சந்தோஷமாக இருந்துகொள்ளலாம். அதனால் சிட்டிக்குள்ளேயே நுழையாதே, தாம்பரத்தோடு நின்றுகொள்.

தாம்பரத்தில் என்ன இருக்கிறது என்று மாப்பிள்ளை கேட்பார். பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் எல்லாவற்றையும் சேர்த்து 2021-இல் அதை மாநகராட்சி ஆக்கிவிட்டார்கள். அதை ஒட்டியே வண்டலூர் உயிரியல் பூங்கா. வெள்ளிக்கிழமையானால் பல்லாவரம் சந்தை. மாமியாருக்குத் திருநீர்மலை பெருமாள். எல்லாமே ஒரே எலெக்ட்ரிக் ட்ரெயின் பாதையில், மிஞ்சினால் ஸ்டேஷனில் இறங்கி ஒரு ஆட்டோ தூரத்தில். கூடுவாஞ்சேரியில் சித்தப்பா வீடு இருப்பதால் லாட்ஜ் செலவும் இல்லை. போகும்போது அரிசி, தேங்காய், கொஞ்சம் காய்கறி கட்டிக்கொண்டு போ. அஞ்சு பேர் ரெண்டு ராத்திரி தங்குகிறீர்கள், சித்தி கையைக் கடிக்கக் கூடாது.

நாள் பார்ப்பதுதான் முக்கியம். பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை லீவு. அன்றைக்குப் போய் கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற குடும்பங்கள் உண்டு. காணும் பொங்கலன்று போகவே போகாதே, மனிதத் தலையைத் தவிர வேறொன்றும் தெரியாது. புதுச்சேரிக்காரர்கள் நமக்கென்று ஒரு வசதி இருக்கிறது, அதை யாரும் கவனிப்பதில்லை. ஆகஸ்ட் 16, நவம்பர் 1 ரெண்டும் புதுச்சேரிக்கு மட்டும் லீவு. தமிழ்நாட்டில் அன்றைக்குப் பள்ளிக்கூடம் நடக்கும், பூங்காவில் கூட்டம் குறைவாக இருக்கும். நவம்பரில் மழை பிடித்துக்கொள்ளும் என்பதால் என் ஓட்டு ஆகஸ்டுக்கு. அது செவ்வாய் அல்லாத வாரநாளில் விழுகிற வருஷம் விட்டுவிடாதே. நம் அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டதால் பரீட்சை லீவும் முன்னே பின்னே வருகிறது. ஆகஸ்ட் சரிவராவிட்டால் பள்ளிக் காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு, புதனிலிருந்து வெள்ளி வரை பிள்ளைகளுக்கு லீவு இருக்கிற ஒரு வாரத்தைத் தேடு. புதன் கிளம்பி வெள்ளி ராத்திரி திரும்புவது என் கணக்கு.

புதன்கிழமை மடுகரை வழியாக விழுப்புரம் போய், காலையில் தாம்பரம் போகிற பாசஞ்சரைப் பிடி. பஸ்ஸில் போனால் கிளாம்பாக்கம் வரை சுலபம்தான், ஆனால் சின்னவன் நடுவழியில் ஒண்ணுக்கு என்றால் என்ன செய்வாய்? ட்ரெயினில் அந்தக் கவலை இல்லை. டிக்கெட்டைக் கூடுவாஞ்சேரிக்கே எடுத்துவிடு. செங்கல்பட்டில் இறங்கி எலெக்ட்ரிக் ட்ரெயின் மாறினாலும் அதே டிக்கெட் செல்லும், திரும்பவும் கவுண்டரில் நிற்க வேண்டாம். அஞ்சு வயசு ஆகாத பிள்ளைக்கு டிக்கெட் கிடையாது, பெரியவளுக்கு அரை டிக்கெட். புதன் மதியம் சித்தி வீட்டில் சாப்பிட்டுப் படுங்கள். அன்றைக்கு எங்கேயும் கிளம்பாதே.

வியாழக்கிழமை முழுக்கப் பூங்காவுக்கு. 602 ஹெக்டேர் அது. நம் கணக்கில் சொன்னால் ஆயிரம் காணிக்கு மேல். ஒரே நாளில் நடந்து முடித்துவிடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதே. காலை 9 மணிக்குக் கதவு திறக்கும்போது நீ வாசலில் நிற்க வேண்டும், ஏனென்றால் வெயில் ஏறினால் புலியும் சிங்கமும் நிழலைத் தேடிப் படுத்துவிடும், பிள்ளைகளுக்கு முதுகுதான் தெரியும். வண்டலூர் ஸ்டேஷனிலிருந்து பூங்காவுக்குப் போக ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்ட வேண்டும். பிள்ளைகள் கையை விட்டுவிட்டு ஓடுகிற ரோடு இல்லை அது, ஆட்டோவே பிடித்துவிடு.

உள்ளே நுழைந்ததும் மாமியாருக்குப் பேட்டரி வண்டி டிக்கெட்டை வாங்கு. கொஞ்ச தூரம் நடக்கிறேன் என்பார், வீம்புக்கு விடாதே, அந்தக் கொஞ்ச தூரம்தான் ராத்திரி முட்டியைப் பிடிக்கும். சிங்கம் பார்க்கிற சஃபாரிக்குத் தனி வரிசை, அதை முதலில் முடித்துவிடு. பாம்பு, பறவைக் கூண்டு எல்லாம் பிறகு. ஓட்டேரி ஏரியில் குளிர்கால மாதங்களில் பறவைகள் வந்து இறங்கும், அப்போது போனால் அந்தப் பக்கம் பெரியவளை அழைத்துப் போய்ச் சும்மா நின்று பார்க்கவிடு.

மாமியாரிடம் பேச்சுக் கொடுத்துப் பார். அந்தக் காலத்துப் பெரியவர்கள் மெட்ராஸ் போனால் பார்த்தது உயிர் காலேஜும் செத்த காலேஜும். மிருகக்காட்சி சாலை உயிர் காலேஜ், மியூசியம் செத்த காலேஜ். 1855-இல் எழும்பூர் மியூசியத்தில் ஆரம்பித்த மிருகக்காட்சி சாலைதான் பிறகு சென்ட்ரல் பக்கம் மூர் மார்க்கெட் அருகே போய், 1985-இல் வண்டலூரில் திறந்தது. நெரிசலான கூண்டில் சிங்கத்தைப் பார்த்த தலைமுறை, இப்போது அது மரத்தடியில் நடக்கிறதைப் பார்க்கும்போது சொல்ல நிறைய இருக்கும். பேரப் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போதே கேட்டு வாங்கு.

சாப்பாட்டைக் காலையிலேயே சித்தி அடுப்பில் கட்டிக்கொள். இட்லி போதும், ஆனால் சட்னி வேண்டாம், மதியத்துக்குள் புளித்துவிடும். இட்லி சூடாக இருக்கும்போதே நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியை ரெண்டு பக்கமும் தடவி, துணியில் பரப்பி ஆறவிடு. வாழையிலையை அடுப்பு அனலில் லேசாக வாட்டிக்கொண்டால் மடிக்கும்போது கிழியாது. அதில் ஆளுக்கு நாலு இட்லி வைத்துக் கட்டி, எவர்சில்வர் டப்பாவில் அடுக்கு. சின்னவனுக்கு மட்டும் பொடி இல்லாமல் தனிப் பொட்டலம். கேரி பேக் வேண்டாம், பூங்காவில் பிளாஸ்டிக்குக்குத் தடை. மிச்சம் இருந்தாலும் மிருகத்துக்கு ஒரு துண்டு போடக் கூடாது என்று பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவை. நாம் பாசத்தோடு போடுவது அதன் வயிற்றைக் கெடுத்துவிடும்.

சின்னவன் முன்கையில் உன் செல் நம்பரை பேனாவால் எழுதிவிடு. தண்ணீர் பட்டால் அழியும், மதியம் ஒரு தடவை பார்த்துத் திரும்ப எழுது. எலெக்ட்ரிக் ட்ரெயினில் ஏறும்போது நீ முதலில், பிள்ளைகள், மாமியார், கடைசியில் மாப்பிள்ளை. இறங்கும்போது மாப்பிள்ளை முதலில். இந்த வரிசையைப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். ஆபீஸ் கூட்ட நேரத்தில் ஏறவே ஏறாதே, பூங்காவுக்கும் அதற்கு முன்பே கிளம்பிவிடு.

வெள்ளிக்கிழமை மாமியாரை முதலில் திருநீர்மலைக்குக் கூட்டிப்போ. நின்ற, இருந்த, கிடந்த, நடந்த என்று பெருமாள் நாலு கோலத்திலும் இருக்கிற ஊர். நின்ற கோலம் அடிவாரத்திலேயே, படி ஏற முடியாவிட்டால் அதைச் சேவித்தாலே போதும். மதியம் நடை சாத்துமுன் முடித்துவிட்டுப் பல்லாவரம் சந்தைக்கு வா. செடி, பழைய நாற்காலி, பித்தளைப் பாத்திரம், துணி எல்லாம் தெருவோடு பரப்பியிருப்பார்கள். சொன்ன விலையில் பாதிக்குக் கேள், தயங்காதே. ஆனால் பிளக்கில் மாட்டிப் பார்க்க முடியாத எந்தச் சாமானையும் மாப்பிள்ளை வாங்கக் கூடாது. பெரியவளுக்கு வரலாறு பிடிக்குமே, 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தது இந்தப் பல்லாவரத்தில்தான் என்று சொல்லு, நின்று கேட்பாள்.

சாயங்காலம் விழுப்புரம் பாசஞ்சருக்குத் தாம்பரம் போய்விடு. அங்கேதான் புறப்படுகிறது, முன்னாடியே போனால் மாமியாருக்கு ஜன்னல் சீட் கிடைக்கும். நேரம் அவ்வப்போது மாறும், முந்தின நாளே செல்போனில் பார். விழுப்புரத்தில் இறங்கும்போது நம் பக்கம் வருகிற பஸ் ஓட்டம் முடிந்துபோயிருக்கலாம். மடுகரை ஆட்டோக்காரர் ஒருவரிடம் இப்போதே பேசி, வாடகையையும் முடித்து, நம்பரை மாப்பிள்ளை போனிலும் ஏற்றிவை.