இரவு பத்து மணிக் குறுஞ்செய்தி

இரவு பத்து மணி. கைப்பேசி ஒலிக்கிறது. “நாளைக் காலைக்குள் அறிக்கை வேண்டும்,” என்று மேலதிகாரி அனுப்பியிருக்கிறார். அதைப் படித்த ஊழியருக்கு அன்றிரவு உறக்கம் வருமா?

கொவிட்-19 காலத்தில் சிங்கப்பூரில் பலருக்கு வீடே அலுவலகமானது. வேலை எப்போது முடிகிறது என்பதே தெரியாமற்போனது. 2020 நவம்பரில் மனிதவள அமைச்சும் தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் இணைந்து, வேலையிட மனநலம் பற்றிய ஆலோசனைக் குறிப்புகளை வெளியிட்டனர். மனச்சுமையைப் பகிர்ந்துகொள்ள ஆலோசகர் உதவி, பணி நேரத்திற்குப் பிந்திய தொடர்பு குறித்த தெளிவான கொள்கை ஆகியவை அவற்றுள் அடங்கும்.

கொள்கையை எழுதுவது எளிது. மேலதிகாரியே அதை மீறினால் ஊழியர் என்ன செய்வார்? மறுத்தால் பதவி உயர்வு கைநழுவுமோ என அஞ்சி, மடிக்கணினியைத் திறப்பார். மருத்துவமனையில் இரவு அழைப்பைத் தவிர்க்க இயலாது; அறிக்கைக்கு அத்தகைய அவசரம் ஏது?

சில மேலதிகாரிகள், இரவில் தோன்றியதை அப்போதே எழுதி, மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சென்றுசேருமாறு நேரம் குறித்துவிடுகிறார்கள். அவர்களுக்கும் மறந்துபோவதில்லை; ஊழியரும் உறங்குகிறார்.