இரசாயனப் பொருள்கள் மட்குதலை அளக்கும் பரீட்சைகள்

நிலத்தில் இடும் தழையும் தொழுவுரமும் சில மாதங்களில் மட்கி மண்ணோடு கலந்துவிடுவதைக் குடியானவர் அனைவரும் அறிவர். இவ்வேலையைச் செய்பவை கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களே. பூச்சிகொல்லி, களைக்கொல்லி, சலவைப் பொருள் முதலிய செயற்கை இரசாயனங்களையும் அவை உண்டு தீர்க்குமா என்பது சோதனைசாலையில் பரீட்சித்து அறியவேண்டிய விஷயமாகும். "எளிதில் மட்கும்" என்னும் வாசகத்தைக் கண்டவுடன், அது எந்தப் பரீட்சையைக் கொண்டு கூறப்பட்டது என்று விசாரித்தல் அவசியம்.

மறைதலும் மட்குதலும்

ஒரு பொருள் மறைவது வேறு. முழுதும் மட்குவது வேறு. 1939-ம் வருஷத்தில் பூச்சிகொல்லும் குணம் கண்டறியப்பட்ட டி.டி.டி. இதற்குத் தக்க உதாரணம். அது மண்ணில் மெல்ல மெல்லக் குறைந்து, டி.டி.இ. என்னும் வேறொரு பொருளாக மாறுகிறது. அதுவும் எளிதில் அழியாமல் மண்ணிலும் பிராணிகளின் கொழுப்பிலும் தங்குவது. டி.டி.டி.யின் குறைவை மட்டும் அளப்பவர் நிலம் சுத்தமாகிவிட்டதென்று ஏமாறுவர். இந்தியாவில் விவசாயத்திற்கு அதை உபயோகிப்பது 1989-ல் தடுக்கப்பட்டது. ஒரு பொருளிலுள்ள கரி, கரியமிலவாயுவாக வெளிப்பட்டால்தான் அது மட்கிற்று என்று துணிந்து கூறலாம்.

பரீட்சை வகைகள்

பொருளாதார ஒத்துழைப்பு அபிவிருத்தி ஸ்தாபனம் 1981-ல் வகுத்து 1992-ல் திருத்திய முறைகள் பல தேசங்களில் அனுசரிக்கப்படுகின்றன. உப்புக்கள் கலந்த நீரில் பரீட்சைப் பொருளையும் சிறிதளவு நுண்ணுயிர்களையும் இட்டு, ஏறக்குறைய 22 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் 28 நாள் வைப்பர். நுண்ணுயிர்களுக்கு அப்பொருளைத் தவிர வேறு ஆகாரம் கிடையாது. எதை அளக்கிறோம் என்பதில்தான் முறைகள் வேறுபடுகின்றன. அவற்றுள் முக்கியமானவை மூன்று.

1. நீரில் கரைந்துள்ள கரியை அளத்தல். 100-க்கு 70 பங்கு குறைந்தால் தேறியதாகும். ஆயின், கசடில் ஒட்டிக்கொண்டதும் காற்றில் ஆவியானதும் மட்கியதாகவே கணக்கில் சேரக்கூடும். கரையாத பொருள்களுக்கு இம்முறை உதவாது.

2. வெளிப்படும் கரியமிலவாயுவைக் காரநீரில் பிடித்து அளத்தல். கிடைக்கவேண்டிய அளவில் 100-க்கு 60 பங்கு கிடைத்தால் போதும். மாடு தின்ற தீனியில் ஒரு பங்கு உடலில் ஊறுவதுபோல, மீதிக் கரியில் ஒரு பகுதி நுண்ணுயிர்களின் உடலாகிவிடுகிறது. முழுச் சிதைவுக்கு இம்முறை நல்ல சாட்சி. ஆவியாகும் பொருள்களுக்கு ஏற்றதன்று.

3. மூடிய புட்டியில் செலவாகும் பிராணவாயுவை அளத்தல். இதற்கும் 60 பங்கே அளவு. ஆவியாகும் பொருள்களுக்கும் இது பொருந்தும். நுண்ணுயிர்கள் மிகக் குறைவாக இடப்படுவதால் இது கடினமான பரீட்சை.

பெரும்பாலும் இவற்றில், சிதைவு 10 பங்கை எட்டிய நாள்முதல் 10 நாட்களுக்குள் மேற்கண்ட அளவை அடையவேண்டும் என்பதும் ஒரு விதி.

இவற்றிற்கு மாறாக, ஸான்-வெல்லென்ஸ் என்னும் முறையில் நுண்ணுயிர்க் கசடு மிகுதியாக இடப்படுகிறது. இதில் தேறிய பொருளுக்கு மட்கும் இயல்பு உண்டு என்பது தெரியுமேயன்றி, வயலில் விரைவில் மட்கும் என்பது பெறப்படாது. மறுபுறம், மூடிய புட்டியில் தவறிய பொருள் ஒருபோதும் மட்காது என்றும் முடிவு செய்யலாகாது. கடினமான பரீட்சையில் தேறுவதும் எளிய பரீட்சையில் தவறுவதுமே உறுதியான செய்தி தருவன.

மண் பரீட்சை

விவசாயிக்கு நேரே பயன்படுவது மண்ணில் செய்யும் பரீட்சையே. இதற்குரிய முறை 2002-ல் ஏற்கப்பட்டது. கதிரியக்கக் கரியால் அடையாளமிட்ட பொருளைப் பலவகை மண்களில் இட்டு, ஏறக்குறைய 120 நாள் வரை கவனித்து, பாதியாகக் குறையும் காலத்தைக் கணக்கிடுவர். அக்காலம் 30 நாளாகி அதே வீதத்தில் குறைந்துவந்தால், 60-ம் நாளில் காற்பங்கும் 90-ம் நாளில் அரைக்காற்பங்கும் எஞ்சும். மக்காச்சோளத்திற்கு இட்ட அட்ரஸின் மண்ணில் எஞ்சி நின்றால் அடுத்து விதைக்கும் பயறு கருகக்கூடுமாதலால், இக்கணக்கு வெறும் ஏட்டுக்கணக்கன்று.

சோதனைசாலையில் ஈரம் குறையாமல் காக்கப்படுகிறது. கோடையில் காய்ந்து வெடித்த புன்செயிலோ, உஷ்ணம் மிகுந்திருந்தும் ஈரமின்மையால் நுண்ணுயிர்கள் ஓய்ந்துவிடுகின்றன. ஆதலால், சோதனைசாலையில் கண்ட நாட்கணக்கை அப்படியே வயலுக்குக் கொள்ளலாகாது.

கேட்கவேண்டிய கேள்விகள்

மட்கும் சரக்கென்று ஒன்றை விற்க வருவோரிடம் நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் கீழ்க்கண்டவற்றைக் கேட்பார்களாக. பரீட்சை நீரில் செய்யப்பட்டதா, மண்ணிலா? அளந்தது பொருளின் குறைவையா, கரியமிலவாயுவையா? எத்தனை நாளில், எவ்வளவு உஷ்ணத்தில்? மாறி உண்டாகும் பொருள் யாது? இந்நான்கிற்கும் விடை கிடைக்காத சரக்கை, நிலம் முழுதும் இடுவதற்குமுன் வேளாண்மை அதிகாரியைக் கலந்துகொள்வது நலம்.