மீட்டாத தந்தியின் நாதம்

பௌதிக சாலையில் ஸோனாமீட்டரைக் கையாண்ட மாணவர் யாவரும் ஒரு வேடிக்கையைக் கண்டிருப்பர். இழுத்துக் கட்டிய கம்பியின் நடுவே மடித்த காகிதத் துண்டொன்றை ஏற்றி, அதிர்கின்ற இசைக்கவையைப் பெட்டியின்மேல் நிறுத்துகின்றோம். இரண்டின் சுருதியும் ஒன்றுபட்ட கணமே காகிதம் துள்ளி விழுகின்றது. கம்பியை எவரும் தொட்டிலர். பரீட்சைக்காக நாம் உருப்போடும் இவ்வநுநாத விதியையே உயிராகக் கொண்டதோர் ஐரோப்பிய வாத்தியம் உண்டு. அதன் பெயர் வியோலா தமோரே. காதல் வியோலா என்பது பொருள்.

பிடிலைப் போலவே மோவாயின்கீழ் வைத்து வில்லால் வாசிக்கப்படுவது. உருவிற் சற்றுப் பெரிது. பரவலான அமைப்பில், வில் படும் நரம்புகள் ஆறு அல்லது ஏழு. அவற்றின் அடியே, விரற்பலகைக்குக் கீழாக, மெல்லிய உலோகத் தந்திகள் ஒரு வரிசை செல்லும். இவற்றை வில்லும் தீண்டாது, விரலும் தீண்டாது. மேல் நரம்பு பாடும்போது தாமே இரங்கி ஒலிக்கும். வடநாட்டுச் சாரங்கியின் தரப் தந்திகளை அறிந்தவர்க்கு இது புதுமையன்று. இத்தனை தந்திகளுக்கும் சுருதி சேர்த்து முடிப்பதற்குள் வாசிப்பவர் பொறுமை சோதிக்கப்படும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இவ்வாத்தியத்திற்கு அரிய கான்செர்ட்டோக்கள் இயற்றியவர் வெனிஸ் நகரத்து அந்தோனியோ விவால்தி (1678–1741). அந்நகரில் பியெத்தா என்னும் அநாதை விடுதியில் 1703-இல் பிடில் ஆசிரியராய் அமர்ந்தார். அங்கு வளர்ந்த பெண்கள் கம்பித் தட்டிக்குப் பின் மறைந்திருந்தே வாசிப்பர். குடும்பப் பெயர் இல்லாத அவர்களை, வாசிக்கும் வாத்தியத்தின் பெயரைச் சேர்த்தே உலகம் அழைத்தது. 'பிடில் அன்னா மரியா' எனப் புகழ்பெற்றவள் வியோலா தமோரேயிலும் வல்லவள்.

1740 மார்ச் 21-ஆம் நாள், போலந்து அரசரின் மைந்தரும் சாக்ஸனி இளவரசருமான பிரெடரிக் கிறிஸ்டியான் முன்னிலையில் அப்பெண்கள் கச்சேரி செய்தனர். அதற்கென விவால்தி அளித்தவற்றுள் ஒன்று, வியோலா தமோரேக்கும் லூட்டுக்கும் டி மைனரில் அமைத்த கான்செர்ட்டோ. அதன் தலைப்பிலேயே ஒரு கட்டளை காணப்படுகின்றது: உடன் வாசிக்கும் வாத்தியங்கள் அனைத்தும் ஒலியடக்கி பூண்டிருத்தல் வேண்டும். ஒலியடக்கியாவது, குதிரையின்மேல் மாட்டி அதிர்வைக் குறைக்கும் சிறு கருவி.

காரணம் எளிது. லூட்டின் குரல் மிகச் சிறியது. மீட்டிய மாத்திரத்தில் தேய்ந்து மறைவது. பிடில்கள் முழுத் தொனியுடன் முழங்கின் அது மூழ்கிவிடும். பெரும்பாலான கான்செர்ட்டோக்களில் தனி வாத்தியம் கூட்டத்தோடு பொருது வெல்லும். இங்கோ, கூட்டமே குரல் தாழ்த்தி இருவர் உரையாடலுக்குச் செவி சாய்க்கின்றது. அவ்வடக்கத்தினாலேயே அடித்தந்திகளின் மெல்லிய ரீங்காரத்திற்கும் இடம் கிடைக்கின்றது என்பது என் கருத்து.

அக்கச்சேரிக்குப்பின் விவால்தி வெனிஸை நீங்கி வியன்னா சென்றார். அங்கு ஆதரிப்பார் என நம்பிய சக்கரவர்த்தி ஆறாம் சார்லஸ் 1740 அக்டோபரில் இறந்தார். மறு ஆண்டு ஜூலை 28-இல் விவால்தியும் வறுமையில் மாண்டார். இளவரசருக்கு அளித்த கையெழுத்துப் பிரதி டிரெஸ்டன் நூலகத்தில் இருக்கின்றது.

இசைத்தட்டில் இதனைக் கேட்க வாய்ப்பவர் நடுப்பகுதியாகிய லார்கோவை முதலிற் கேட்பாராக. வில் நரம்பை விட்டு நீங்கும் இடங்களிற் செவியை நிறுத்துவாராக.