சருகு எங்கே?

பிள்ளைப்பாக்கத்துக்குக் குடிவந்த வருஷம், 20 லிட்டர் பெயின்ட் வாளியில் துளை போட்டுக் காய்கறித் தோலைக் கொட்ட ஆரம்பித்தேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பத்தாம் நாள் வாளிக்கு அடியில் கறுப்புத் தண்ணீர், அழுகின முட்டை நாற்றம். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்குகிற பக்கத்து அறைப் பையன்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.

எதிர்வீட்டு ஆயா குச்சியால் கிளறிப் பார்த்தார். "எருக்குழியில வெறும் சாணியை மட்டுமா கொட்டுவாங்க தம்பி? சருகு எங்க?"

ஒரு பிடிகூட நான் போட்டிருக்கவில்லை. சமையலறைக் கழிவில் தண்ணீரும் தழைச்சத்தும் அதிகம். காற்றில்லாமல் அமுங்கினால் அது மக்காது, அழுகும். சருகு கரிச்சத்தைத் தருவதோடு காற்றுக்கும் வழி விடுகிறது. ஆயா சொன்னபடி வாளியைக் கவிழ்த்து, சருகோடு பிசிறி, இரண்டு நாள் திண்ணையில் பரப்பி வைத்தேன். நாற்றம் போய்விட்டது. அன்று முதல் ஒரு கிண்ணம் கழிவுக்கு இரண்டு கிண்ணம் சருகு. இந்தூரில் வேளாண் விஞ்ஞானி ஆல்பர்ட் ஹோவர்ட் செய்து பார்த்து 1931-இல் புத்தகமாக்கிய முறையிலும் தாவரக் கழிவும் சாணமும் கலந்துதான் மக்கவைப்பார்கள்.

மாசி, பங்குனியில் வேம்பு இலை உதிர்க்கும்போதே நான்கு கோணி நிரப்பி மாடிப்படிக்கு அடியில் போட்டுவிடுவேன். தீர்ந்தால் மரத்தூள், அதுவும் அளவாக. நம் பக்கம் கம்பெனிகளிலிருந்து வரும் பேலட் மரத்தை அறுக்கும் இடங்களில் தூள் கிடைக்கும். வாங்குமுன் பலகையின் முத்திரையைப் பாருங்கள். 'ஹெச்டி' என்றால் சூடேற்றிப் பதப்படுத்தியது; எடுக்கலாம். 'எம்பி' என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, வேண்டவே வேண்டாம். எண்ணெய்க் கறை படிந்த பலகையும், பசை கலந்த ப்ளைவுட் தூளும் அப்படியே.

ஈரம் பார்க்க ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் இன்னும் சருகு. கொழுத்த பழுப்புப் புழு நெளிந்தால் பயப்படாதீர்கள், அதுவும் கழிவைத் தின்று தீர்க்கிறது. மீன் முள்ளும் எண்ணெய்க் குழம்பும் மட்டும் நான் போடுவதில்லை, எலி வரும்.

நம் வெயிலுக்கு மூன்று மாதத்தில் சலிக்கலாம். சின்ன வாளியில் விதை சாகிற அளவுக்குச் சூடு ஏறாது, அதனால் உரம் போட்ட தொட்டியிலெல்லாம் தக்காளி தானாக முளைக்கும். நான் களைவதில்லை. நாலிலை விட்டதும் ஆயா வந்து நாற்றாகப் பிடுங்கிக்கொண்டு போவார்.