நாலு பேருக்காக ஒரு பொய்



ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு. தபூக்கிலிருந்து மதீனா திரும்பிய நபி (ஸல்) அவர்கள், வழக்கப்படி முதலில் பள்ளிவாசலுக்குச் சென்று இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு மக்களைச் சந்திக்க அமர்கிறார்கள். போருக்கு வராமல் ஊரிலேயே தங்கிவிட்ட எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் வந்து, ஆளுக்கொரு காரணம் சொல்லிச் சத்தியம் செய்கிறார்கள். நபியவர்கள் வெளிப்படையில் அதை ஏற்று, அவர்களுக்காகப் பாவமன்னிப்புத் தேடி, உள்ளத்தில் இருப்பதை அல்லாஹ்விடம் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்து கஅப் பின் மாலிக் (ரலி) வருகிறார். அகபாவில் பைஅத் செய்தவர், கவிஞர், பேச்சில் வல்லவர். போகாததற்கு அவரிடம் காரணம் எதுவும் இல்லை. உடலில் தெம்பு இருந்தது, இரண்டு ஒட்டகங்கள் இருந்தன. பழங்கள் கனிந்திருந்த, நிழல் இதமாக இருந்த பருவம் அது. நாளை புறப்படலாம், நாளை புறப்படலாம் என்று நாட்கள் ஓடிவிட்டன. அவ்வளவுதான்.

அவர் உண்மையைச் சொன்னார். உலகத்தில் வேறு யார் முன் உட்கார்ந்திருந்தாலும் பேசியே தப்பித்திருப்பேன்; ஆனால் இன்று பொய் சொல்லி உங்களைத் திருப்திப்படுத்தினால், நாளை அல்லாஹ் உங்களை என் மீது கோபம் கொள்ளச் செய்துவிடுவான் என்ற கருத்தில் பேசினார். புகாரியில் அவரே விவரிக்கும் நீண்ட ஹதீஸ் இது.

இதற்கு அடுத்து நடந்ததைத்தான் நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம். வெளியே வந்தவரை அவருடைய பனூ சலிமா குலத்தார் பின்தொடர்ந்தார்கள். இதற்குமுன் நீ எந்தத் தவறும் செய்ததில்லையே, எல்லோரையும் போல ஒரு காரணம் சொல்லியிருக்கக் கூடாதா, நபியவர்களின் பாவமன்னிப்புத் தேடலே உனக்குப் போதுமே என்று விடாமல் கண்டித்தார்கள். அவர்கள் எதிரிகள் அல்ல, அவர் நலம் நாடிய சொந்தக்காரர்கள். அவர்கள் பேசிய பேச்சில், திரும்பிப் போய்ச் சொன்னதை மாற்றிவிடலாமா என்றுகூட கஅபுக்குத் தோன்றிவிட்டது. பகைவன் மிரட்டினால் எதிர்த்து நிற்கும் நாம், சொந்தபந்தம் அன்பாகச் சொன்னால் சரிந்துவிடுகிறோம் அல்லவா?

அவரைத் தடுத்தது ஒரு கேள்வி. என்னைப்போல வேறு யாரும் உண்டா என்று கேட்டார். முராரா பின் ரபீஉ, ஹிலால் பின் உமய்யா (ரலி) என்ற இரண்டு பெயர்களைச் சொன்னார்கள். எண்பது பேர் ஒரு பக்கம், மூன்று பேர் ஒரு பக்கம். அவருக்கு அது போதுமாக இருந்தது.

பிறகு ஐம்பது நாட்கள் யாரும் அவருடன் பேசவில்லை. உயிருக்கு உயிரான சிறிய தந்தை மகன் அபூகத்தாதா (ரலி) கூட ஸலாமுக்குப் பதில் சொல்லவில்லை. ஆனாலும் கஅப் ஜமாஅத் தொழுகையை விடவில்லை, கடைவீதிக்குப் போனார். நபியவர்களுக்கு ஸலாம் சொல்லிவிட்டு, உதடுகள் அசைகின்றனவா என்று ஏக்கத்தோடு பார்ப்பார். இதை இளைஞர்கள் கவனிக்க வேண்டும். தனித்து நிற்பது என்றால் ஊரை உதறிவிட்டு, 'நான் யாருக்கும் பயப்பட மாட்டேன்' என்று நெஞ்சை நிமிர்த்துவது அல்ல. கஸ்ஸான் மன்னன் "எங்களிடம் வந்துவிடு" என்ற பொருளில் கடிதம் அனுப்பியபோது, அதை அடுப்பில் போட்டவர் அவர்.

அந்த எண்பது பேர்? மக்கள் திருப்தி அடைய வேண்டுமென்று சத்தியம் செய்பவர்களைப் பற்றி அத்தவ்பா அத்தியாயத்தின் 95, 96ஆம் வசனங்கள் இறங்கின. நீங்கள் திருப்தி அடைந்தாலும் அல்லாஹ் திருப்தி அடைய மாட்டான் என்பது அதன் கருத்து. அதே அத்தியாயத்தின் 118ஆம் வசனத்தில் அந்த மூவருக்கும் மன்னிப்பு இறங்கியது.

நம் வீட்டுக்கு வருவோம். பெண்ணுக்கு மஹர் கொடுப்பது கடமை என்று தெரிந்த மாப்பிள்ளைதான். ஆனால் நிக்காஹ் பேசும் இடத்தில் அவன் தாய், "நாங்க ஒண்ணும் கேட்கல, நாலு பேர் பார்க்கிற மாதிரி செஞ்சிடுங்க" என்கிறார். மகன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறான். கேட்டால், உம்மாவின் மனம் நோகக் கூடாதாம்! அந்த வார்த்தைக்காகப் பெண்ணின் வாப்பா வட்டிக்குக் கடன் வாங்குகிறார். படைத்தவனுக்கு மாறு செய்வதில் பெற்றோருக்கும் கீழ்ப்படிதல் இல்லை என்பதைச் சொல்ல ஆலிம்களாகிய எங்களுக்கே நா எழுவதில்லை. முன் ஸஃப்பில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்துக் குரலைத் தாழ்த்திய வாரங்கள் எனக்கும் உண்டு. அல்லாஹ் மன்னிப்பானாக.

மன்னிப்பு இறங்கிய அன்று கஅப் பள்ளிக்குள் நுழைந்தபோது, முஹாஜிர்களில் தல்ஹா பின் உபைதுல்லாஹ் (ரலி) ஒருவர்தான் எழுந்து விரைந்து வந்து கைகொடுத்து வாழ்த்தினார். அதை கஅப் மறக்கவே இல்லை. கைக்கூலி வாங்காமல் நிக்காஹ் செய்யும் பிள்ளை நம் மஹல்லாவில் இருந்தால், அவன் வலீமாவுக்கு முதல் ஆளாகப் போய்க் கைகொடுங்கள். பிரியாணியில் கறி குறைவு என்று வெளியே வந்து பேச வேண்டாம்.